புதுப்பிப்பு: டொமினிக்காவில் கொதிக்கும் ஏரி, ஷெர்லி கோட்டை: ஒரே நாளில் முடியுமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டொமினிக்காவில் எரிமலை வெப்பத்தால் கொதிக்கும் ஏரி, பழைய பிரிட்டிஷ் கோட்டையான ஷெர்லி கோட்டை, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்பதுதான் என் கேள்வி. (டொமினிக்கன் குடியரசு அல்ல, இது வேறு கரீபியத் தீவு நாடு.) முடியாது. "இரண்டு நாளாகப் பிரியுங்கள், காலை 7 மணிக்கே ஏறுங்கள்" என்ற யோசனைதான் சரியாக அமைந்தது.

லோடா கிராமத்தருகே டீட்டூ பள்ளத்தாக்கில் ஏரிக்கான நடை தொடங்குகிறது. போய்வர 7 மணி நேரம் ஆனது, வழிகாட்டி அவசியம். வழியில் வரும் பிரேக்ஃபாஸ்ட் ஆற்றிலேயே குடிநீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வரும் ஓடைகள் கந்தகம் கலந்தவை, சாம்பல் நிறத்தில், சில இடங்களில் கொதித்துக்கொண்டே ஓடுகின்றன. வெளிறிய மண் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சூடான சேறு இருக்கும்; வழிகாட்டி கால் வைத்த இடத்தில் மட்டும் வையுங்கள்.

எதிர்பாராதவை இரண்டு. வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டது, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவின் வேலை. நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அடுத்தது, ஏரியை ஆவி முழுக்க மூடியிருந்தது. காற்று திரும்பும்வரை 20 நிமிடம் காத்திருந்தபின், சுமார் 60 மீட்டர் அகலத்துக்கு நடுவில் குமுறும் நீலச்சாம்பல் நீர் தெரிந்தது. அவசரமாகத் திரும்பினால் இந்தக் காட்சியே கிடைக்காது.

மறுநாள் போர்ட்ஸ்மத் நகருக்கு அருகே கேப்ரிட்ஸ் தீபகற்பத்தில் ஷெர்லி கோட்டை. அரை நாள் போதும், ஆனால் அவசரப்படாமல் பாருங்கள். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையின் 8ஆவது மேற்கிந்தியப் படைப்பிரிவில் அடிமைகளாக இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இது. பிரிட்டிஷ் படையிலிருந்த இத்தகைய அடிமைச் சிப்பாய்கள் 1807இல் விடுதலை பெற்றார்கள்.

பணம்: 1 அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர், நிலையான மதிப்பு.