பிஎஸ்ஏ 10 ரெண்டே ரெண்டுதான் இருக்கெண்டா கார்ட் விலை போகுமோ?

கொக்குவில்_கலெக்டர்:
வணக்கம். ரொறன்ரோவில இருக்கிற பெரியம்மான்ர மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், தான் சின்னனில சேத்த ஹொக்கி கார்ட் ஒரு பெட்டி நிறைய எனக்குத் தந்திட்டுப் போட்டார். கனக்க 1990, 91 காலத்து அப்பர் டெக், ஓ-பீ-சீ கொம்பனிக் கார்ட். அதில ஒண்டு, பெரிசா ஆருக்கும் தெரியாத ஒரு டிஃபென்ஸ் பிளேயர், ஆனா கார்ட் இப்பதான் பக்கெற் உடைச்ச மாதிரிக் கிடக்கு, நாலு மூலையும் கூர், விளிம்பில வெள்ளை விழேல்ல. கார்ட் என்ன நிலையில இருக்கெண்டு பாத்துப் பத்துக்குப் புள்ளி போடுற (கிரேடிங்) பிஎஸ்ஏ கொம்பனின்ர பொப் ரிப்போர்ட்டில, அதாவது எந்தக் கார்ட்டில எத்தினை எந்தப் புள்ளி எடுத்தது எண்ட பட்டியலில தேடினா, ஆகக்கூடின 10 எடுத்தது ரெண்டே ரெண்டு. பேர்போன ஹொக்கி பிளேயர் வெய்ன் கிரெட்ஸ்கின்ர 1979 ஓ-பீ-சீ கார்ட்டிலயும் 10 ரெண்டுதான், அதில ஒண்டு 2021இல 3.75 மில்லியன் டொலருக்குப் போயிருக்கு. அந்த விலை வராது எண்டு விளங்குது, எண்டாலும் அருமையான சாமானுக்கு ஒரு பெறுமதி இருக்கத்தானே வேணும்? அண்ணாட்டக் குடுத்து கிரேடிங்குக்கு அனுப்புவமோ?

சுன்னாகம்_அண்ணை:
தம்பி, அந்த ரெண்டும் இந்த ரெண்டும் ஒண்டில்லை. பொப் ரிப்போர்ட்டில 10 எண்ட கட்டத்தை மட்டும் பாக்காமல் மொத்தம் எத்தினை கார்ட் கிரேட் பண்ணினவை எண்ட கட்டத்தைப் பாரும். கிரெட்ஸ்கி கார்ட் ஆயிரக்கணக்கில போயிருக்கு, வைச்சிருந்த ஆக்கள் எல்லாரும் 10 வருமோ எண்டு அனுப்பிப் பாத்தும் ரெண்டுதான் தேறினது. ஏனெண்டா அந்தக் காலத்து ஓ-பீ-சீயைக் கம்பியால வெட்டினவை, விளிம்பு பிசிறடிச்சுத்தான் வரும், அதுக்கு மேல அந்த நீலக் கரையில சின்னதா ஒரு உரசல் பட்டாலும் வெள்ளையாத் தெரியும், படம் நடுவில விழாத கார்ட்டும் கனக்க. உம்மட கார்ட்டில மொத்தமே நாலோ அஞ்சோதான் போயிருக்கும். அது 10 எடுக்கக் கஷ்டமான கார்ட் எண்டில்ல, கிரேடிங் காசு குடுத்து அனுப்ப ஒருத்தருக்கும் மனம் வரேல்ல, அவ்வளவுதான். 90ஆம் ஆண்டுச் சாமான் கனடாவில வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக் கிடக்கு, நாளைக்கே ஆரும் பத்தை அனுப்பினா உம்மட ரெண்டு பன்னிரண்டாகும். பொப் ஏறுமே தவிர இறங்கிறது அருமை.

மானிப்பாய்79:
அண்ணை சொன்னதோட ஒண்டு. அருமை எண்டுறது விலையில பாதிதான், மிச்சப் பாதி கேக்கிற ஆள். ஃப்ளீர் கொம்பனி 1986இல அடிச்ச பாஸ்கெற்போல் பிளேயர் மைக்கல் ஜோர்டன் கார்ட்டில பிஎஸ்ஏ 10 முந்நூறுக்கு மேல இருக்கு, அப்பிடியிருந்தும் 2021 ஜனவரியில ரெண்டு கார்ட் ஒவ்வொண்டும் 738,000 டொலருக்குப் போனது, பேந்து அடுத்த வருசத்துக்குள்ள 2 லட்சத்துக்குக் கீழ வந்திட்டுது. அதுக்குள்ள பொப் ஒண்டும் பெரிசா மாறேல்ல, வாங்க நிண்ட சனம்தான் மாறினது. அதே 2021 மார்ச்சில பிஎஸ்ஏ கார்ட் வந்து குவிஞ்சு சமாளிக்கேலாமல் மலிவான சேவைகளை நிப்பாட்டினது, அந்தக் குவியல் எல்லாம் 9, 10 எண்டு வெளியில வர வர புதுக் கார்ட்டுகளின்ர விலை விழுந்து போச்சு.

யாழ்_ஸ்கேன்:
நான் கொஞ்சம் மாறிச் சொல்லுறன். பொப் குறைஞ்ச சாதாரண பிளேயருக்கும் சில வேளை நல்ல காசு வரும், பிஎஸ்ஏ செற் ரெஜிஸ்ட்ரியில முழு செற்றையும் 10ஆ நிரப்பப் போட்டி போடுற ஆக்கள் இருக்கினம், அவைக்கு அந்தப் பிளேயர் ஆரெண்டுறது முக்கியமில்லை, தங்கட செற்றில அந்த ஒரு ஓட்டை அடைபடவேணும். ரெண்டு பேர் ஒரே நேரம் ஏலத்தில மாட்டினா விலை எங்கயோ போகும், ஆனா முதலாவது ஆள் வாங்கிட்டா அடுத்தது பாதிக்கும் போகாது. இது 1950, 60 ஆம் ஆண்டுக் கார்ட்டுகளில நடக்கிறது. 90இல மிச்சம் குறைவு.

கொக்குவில்_கலெக்டர்:
ஓ இப்ப விளங்குது, மொத்தத்தைப் பாத்தன், ஆறுதான். நன்றி அண்ணை. அப்ப பெட்டியில வேற என்னத்தைத் தேட? பேர்போன ஹொக்கி பிளேயர் ஜாகரின்ர 90 அப்பர் டெக் றூக்கி (முதல் சீசன் கார்ட்) ஒண்டும் கிடக்கு.

சுன்னாகம்_அண்ணை:
ஜாகரைக் கேக்கிற சனம் இருக்கு, ஆனா 10உம் கனக்கக் கிடக்கு, 9 வந்தா கிரேடிங் காசுக்கும் காணாது. அனுப்ப முதல் ஸ்கேல் வைச்சு முன்பக்கக் கரையை அளந்து பாரும், இடம் வலம், மேல் கீழ் ரெண்டும். 10க்கு 55/45க்குள்ள நிக்கவேணும், வலப்பக்கம் 3 மில்லிமீற்றர், இடப்பக்கம் 2 எண்டா அது 60/40, மூலை எவ்வளவு கூரா இருந்தாலும் அங்கயே முடிஞ்சுது. பிறகு லைற்றுக்குக் கீழ சரிச்சுப் பிடிச்சு மேற்பரப்பில கோடு இருக்கோ எண்டு பாரும். மாரி தொடங்க முதல் எல்லாத்தையும் ஸ்லீவ் போட்டு ரொப்லோடர் எண்ட தடிச்ச பிளாஸ்ரிக் உறைக்குள்ள வையும், எங்கட ஈரக்காத்துக்குக் கார்ட் வளைஞ்சிட்டா பேந்து ஒண்டும் செய்யேலாது.