அமைதியான ஆளுக்குக் கட்டடக்கலை ஒத்துவருமோ?

கோண்டாவில்பிள்ளை:
ஏ.எல் கணிதப் பிரிவில எடுத்து முடிச்சிட்டன். மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில கட்டடக்கலைக்குப் போட விருப்பம். சின்னனில இருந்தே அம்மம்மாவின்ர நாற்சார் வீட்டை எத்தினையோ தரம் கீறியிருக்கிறன். ஆனா இணையத்தில ஒரு ஆளுமைச் சோதனை செய்ய, ஐ.என்.எஃப்.பி எண்ட வகை, அதாவது உள்முகமான ஆள் எண்டு வந்திட்டுது. “வாய் திறக்காத பிள்ளைக்கு மேசன்மாரோட என்ன வேலை, வங்கிக்குப் போ” எண்டு மாமா சொல்லுறார். இந்தத் துறையில இருக்கிற ஆராவது சொல்லுங்கோ.

சைற்அக்கா:
பிள்ளை, நான் 14 வருசமா சைற்றில நிக்கிற சிவில் பொறியியலாளர். நானும் நாலு பேர் கூடின இடத்தில கதைக்காத ஆள்தான். முதல் சிலாப் போட்ட நாள் இணுவில் பக்கம் ஒரு மாடி வீடு. விடிய 6 மணிக்கே மிக்சர் வந்திட்டுது. படத்தில கம்பி 6 அங்குலத்துக்கு ஒண்டு. ஒரு மூலையில 9 அங்குலம் விட்டிருக்கு. மேசன் அண்ணைக்கு என்ர அப்பாவின்ர வயசு. எனக்குச் சத்தம் போட வரேல்ல. அளவு ரேப்பை அந்த இடத்தில விரிச்சு வைச்சுப்போட்டுப் பேசாமல் நிண்டன். பாத்தார், கூடக் கம்பி கட்டுவிச்சார். அதுக்குப் பிறகு கொங்கிறீற் போட முதல் அவரே என்னைக் கூப்பிடுவார்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில டொனால்ட் மக்கினன் எண்ட உளவியலாளர் பேர்போன கட்டடக்கலைஞர் 40 பேரைக் கூப்பிட்டு ஆராய்ஞ்சவர். அவர் சோதிச்ச படைப்பாளிக் குழுக்களில மூண்டில ரெண்டு பங்கு உள்முகமான ஆக்கள். மாமாவிட்டச் சொல்லுங்கோ.

கூச்சத்தை விட்டிட்டு, எந்த வேலையில நேரம் போறது தெரியாமல் இருக்கிறீங்கள் எண்டு பாருங்கோ. ஹொலண்ட் எண்ட உளவியலாளர் தொழில் விருப்பங்களைப் பிரிச்ச 6 வகையில கட்டடக்கலைக்கு முதல் வாறது கலையும் ஆராய்வும்தான். ஆக்களை நடத்திற குணம் முன்னுக்கு வாறது கட்டுமான முகாமையாளருக்கு.

சுன்னாகம்கியூஎஸ்:
நான் அமைதியான வேலை எண்டு நம்பித்தான் கியூ.எஸ், அதாவது கட்டட வேலையின்ர அளவும் செலவும் கணக்குப் பாக்கிற படிப்பு, படிச்சன். படத்தில அளவெடுத்து, கதவு யன்னல் கழிச்சு, பூச்சுக்குக் கணக்குப் போடேக்க சொர்க்கம். மாதக் கடைசியில கொந்தராத்துக்காரரோட பில்லுக்கு இருக்கேக்க கதைச்சுத்தான் ஆகவேணும். அதைப் பழகினன், பிறப்பில வரேல்ல. கட்டடக்கலைக்கு உளச்சார்புப் பரீட்சையும் இருக்கு, பிள்ளை. புள்ளி மட்டும் காணாது. இப்பவே கீறிப் பழகுங்கோ.

சைற்அக்கா:
அந்த நாற்சார் வீட்டில முற்றத்து மழைத்தண்ணி எப்பிடிப் போகுது எண்டு கீறினீங்களோ?

கோண்டாவில்பிள்ளை:
ஓம் அக்கா. நாலு பக்கக் கூரைத் தண்ணியும் பீலியால வந்து, கிணத்தடிப் பக்கம் வாய்க்காலில விழும். அதையும் கீறினனான்.