டி.பி.ஓ. உத்தரவு ஒரே ஒரு நாள் தாமதம், இதை வைத்து வழக்கில் ஜெயிக்க முடியுமா?

ஒரகடம்_கணக்கர் (செப்டம்பர் 2025)

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், தாய்க் கம்பெனி ஜப்பானில். 2016-17 மதிப்பீட்டு ஆண்டில் அவர்களுக்குக் கொடுத்த ராயல்டி தேவையே இல்லாத செலவு, அதன் சந்தை விலை பூஜ்யம் என்று டிரான்ஸ்ஃபர் பிரைசிங் அதிகாரி (டி.பி.ஓ., ஒரே குழுமக் கம்பெனிகள் தங்களுக்குள் வைக்கும் விலையைச் சரிபார்க்கிற வருமான வரி அதிகாரி) எழுதிவிட்டார். இறுதி உத்தரவுக்கு முன் ஆட்சேபணை கேட்கிற டி.ஆர்.பி. குழுவும் அதையே ஏற்றுக்கொண்டது. 2021 ஜனவரியில் இறுதி உத்தரவு வந்து, இப்போது சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கிறது. போன வாரம் புது ஆடிட்டர் ஃபைலைப் புரட்டியவர், டி.பி.ஓ. உத்தரவின் கடைசிப் பக்கத்தில் 1.11.2019 என்ற தேதியைப் பார்த்ததும் "இது ஒரு நாள் லேட், மொத்தமும் விழுந்துவிடும்" என்கிறார். இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. நிர்வாகத்திடம் சொல்லும் முன் கேட்கிறேன், இது நிஜமா?

வரி_வழக்கு_44

இன்றைய (2025 செப்டம்பர்) நிலையில் நிஜம்தான். ஃபைசர் ஹெல்த்கேர் உட்படப் பல கம்பெனிகள் போட்ட ரிட் மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னது, 2022 மார்ச்சில் செயின்ட் கோபெய்ன் வழக்கில் டிவிஷன் பெஞ்சும் (இரு நீதிபதி அமர்வு) உறுதி செய்தது. அங்கேயும் இதே 1.11.2019 தேதிதான்.

காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். மதிப்பீட்டை முடிக்கக் கடைசி நாள் 31.12.2019. அதற்கு அறுபது நாள் 'முன்பாக' டி.பி.ஓ. உத்தரவு போட வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 92சிஏ(3ஏ) பிரிவு. 31-ந் தேதியை விட்டுவிட்டால் டிசம்பரில் 30 நாள், நவம்பரில் 30 நாள், அறுபது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு முன்பாக என்றால் அக்டோபர் 31. சட்டத்தில் 'மே' (செய்யலாம்) என்றுதானே இருக்கிறது, கட்டாயம் இல்லையே என்று வருமான வரித் துறை வாதாடிப் பார்த்தது, கோர்ட் அதை 'ஷல்' (செய்தே ஆக வேண்டும்) என்றே படித்தது. உத்தரவு போட்ட தேதிதான் கணக்கு, உங்கள் கைக்கு வந்த தேதி இல்லை.

பழைய_ஆடிட்டர்

சட்டம் சரி, ஆனால் தேதி ஒன்றையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் தம்பி. தேதியில் ஜெயித்தது நாளைக்கு மேல் கோர்ட்டில் மாறினால், ராயல்டிக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? ஈ.கே.எல். அப்ளையன்சஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012-லேயே தெளிவாகச் சொன்னது: எவ்வளவு கொடுத்தார்கள் என்று டி.பி.ஓ. பார்க்கலாம், அந்தச் செலவைச் செய்திருக்கவே கூடாது என்று சொல்ல அவருக்கு வேலை இல்லை. உங்கள் கேஸ் அச்சு அசல் அதுதான். தொழில்நுட்ப ஒப்பந்தம், ஜப்பானிலிருந்து வந்த வரைபடங்கள், அந்த இன்ஜினியர்கள் வந்து போன பதிவு எல்லாவற்றையும் பேப்பர் புக்கில் (தீர்ப்பாயத்தில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பில்) சேருங்கள்.

முன்பெல்லாம் விலை விஷயத்தில் தீர்ப்பாயம் சொன்னதே முடிவு என்று கர்நாடகா உயர் நீதிமன்றம் 2018-ல் சாஃப்ட்பிராண்ட்ஸ் வழக்கில் சொல்லியிருந்தது. 2023 ஏப்ரலில் எஸ்.ஏ.பி. லேப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமும் விதிகளும் சொல்கிறபடி விலையைக் கணக்கிட்டார்களா என்று உயர் நீதிமன்றம் பார்க்கலாம். அதனால் இந்த வாதம் தீர்ப்பாயத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை, துறைக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

தீர்ப்பாய_வாசகி

இன்னொன்றை யாரும் சொல்லவில்லையே. இறுதி உத்தரவு 2021 ஜனவரி என்கிறீர்கள். டி.ஆர்.பி. வழியாகப் போனாலும் மதிப்பீட்டை முடிக்க 153-ம் பிரிவு வைத்திருக்கும் கெடுவுக்குள் இறுதி உத்தரவு வந்தாக வேண்டும் என்று ரோகா பாத்ரூம் வழக்கில் 2022-ல் சென்னை டிவிஷன் பெஞ்ச் சொல்லியிருக்கிறது. ஆனால் இதே கேள்வியில் 2025 ஆகஸ்ட் 8-ந் தேதி, ஷெல்ஃப் டிரில்லிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். நாகரத்னா கம்பெனிகள் பக்கம், சதீஷ் சந்திர சர்மா துறை பக்கம். இனிப் பெரிய அமர்வுதான் சொல்ல வேண்டும். ஆகவே மேல்முறையீட்டில் இதைத் தனி காரணமாகப் போடுங்கள், அறுபது நாள் வாதத்தோடு குழப்ப வேண்டாம்.

ஒரகடம்_கணக்கர்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஒரே சந்தேகம், டி.ஆர்.பி.யில் எழுப்பாத வாதத்தை இப்போது எழுப்ப விடுவார்களா?

வரி_வழக்கு_44

விடுவார்கள். என்.டி.பி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், தேவையான விவரம் ஏற்கெனவே ஃபைலில் இருந்தால் சட்டக் கேள்வியைத் தீர்ப்பாயத்தில் முதல் தடவையாகவும் எழுப்பலாம். உங்களுக்கு வேண்டிய விவரமே அந்தத் தேதி ஒன்றுதான். விசாரணை தேதி வரும்வரை காத்திருக்காமல் கூடுதல் காரணத்துக்கான மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.