இயற்பியலோடு எந்த மைனர்: கணிதமா, கணினியா?

கெலுகோர்_மாணவி: பினாங்கில் இயற்பியல் படிக்கிறேன், முதலாம் ஆண்டு முடியப்போகிறது. மைனர், அதாவது இயற்பியலோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம், எதுவென்று இந்த மாதம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கணிதத்தில்தான் ஆசை. சிப் தொழிற்சாலையில் இருக்கும் மாமா கணினியை எடு என்கிறார். நிர்வாகவியல்தான் சோறு போடும் என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார்.

பாயான்_அண்ணன்: மாமா பேச்சைக் கேளுங்கள் தங்கச்சி. நானும் இயற்பியல் படித்தவன்தான். 1972-ல் சிப் கம்பெனி இண்டெல் வந்த நாளிலிருந்து நம்ம பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் பிழைப்பே சிப்பில்தான். சூடு ஏறினால் டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டமும் (அணைத்து வைத்தாலும் கசிந்து ஓடும் மின்சாரம்) ஏறும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் 40,000 வரி சோதனைத் தரவைக் கையில் கொடுத்தார்கள். கசிவு ஏன் கூடுகிறது என்று இரண்டு நாள் சூத்திரம் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசை டிப்ளோமா பையன் பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி எழுதி, சோதனைக் கருவிவாரியாகப் பிரித்துப் படம் போட்டான். ஒரே ஒரு கருவியில்தான் கசிவு. திறந்து பார்த்தால் சிப்பைச் செருகும் சாக்கெட்டில் அழுக்கு! அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கு_டீச்சர்: தம்பி, அந்தப் பத்து வரியை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். எண்களைக் கட்டமாக அடுக்கிப் போடும் மேட்ரிக்ஸ் கணக்கை, அதாவது நேரியல் இயற்கணிதத்தை, அப்படிக் கற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குவாண்டம் வகுப்பில் அதில் வரும் ஐகன் மதிப்பு என்றதும் பாதிப் பேர் முழிப்பது இதனால்தான். 1925-ல் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி போட்ட ஹைசன்பர்க்கே தடுமாறினார். அவர் கணக்கில் இரண்டு அளவுகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் வேறு விடை வந்தது. அது மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று கண்டுகொண்டவர் மேக்ஸ் போர்ன். மாணவராக இருந்தபோதே அவர் அதைப் படித்திருந்தார்.

பாயான்_அண்ணன்: மேட்ரிக்ஸ் தெரியாமலே ஹைசன்பர்க் நோபல் வாங்கிவிட்டாரே டீச்சர்!

கணக்கு_டீச்சர்: அவருக்குப் பக்கத்தில் போர்ன் இருந்தார். தங்கச்சிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார், நீங்களா?

சும்மா_வந்தவன்: மைனர் என்றதும் கழுத்தில் செயின் போட்ட ஆள் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். சரி, நிர்வாகவியலை யாருமே கண்டுகொள்ளவில்லையே?

பாயான்_அண்ணன்: அதை வேலைக்குப் போன பிறகும் படிக்கலாம், பல நேரம் கம்பெனியே அனுப்பும். டீச்சர், 2024 இயற்பியல் நோபல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும். எதற்கு? மூளையைப் போலக் கற்றுக்கொள்ளும் கணினி நரம்பு வலைக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கு_டீச்சர்: ஹாப்ஃபீல்டு 1982-ல் எழுதியதைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. காந்தப் பொருளில் அணுக்களின் சுழற்சிகள் (ஸ்பின்) ஆற்றல் குறைந்த நிலைக்குப் போய் அடங்குகின்றன அல்லவா, அதே கணக்கில்தான் அவருடைய வலை நினைவை மீட்கிறது. நிரல் அதற்கு அப்புறம்தான்.

கெலுகோர்_மாணவி: பாடப் பட்டியலை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். எங்கள் கணித மைனரில் புள்ளியியல் இருக்கிறது, சமன்பாடுகளுக்குக் கணினியில் எண்களாக விடை காணும் எண்முறைக் கணிப்பும் இருக்கிறது. அதற்கு நிரல் எழுதியே ஆக வேண்டுமாம். கணினி மைனரின் முதல் பாடம் என் ஒளியியல் ஆய்வுக்கூட நேரத்தில் வருகிறது.

பாயான்_அண்ணன்: புள்ளியியல் இருந்தால் சரி, கணிதத்தையே எடுங்கள். அந்தப் பையன் அன்று போட்டது வெறும் ஹிஸ்டோகிராம்தான், எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று காட்டும் பட்டைப் படம். தரவைப் பிரித்துப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஆனால் விடுமுறையில் பைத்தானைத் தொடாமல் இருந்துவிடாதீர்கள்.

கெலுகோர்_மாணவி: சரி அண்ணே. அப்பாவிடம் யார் பேசுவது?