ஏரிக்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள்: கணக்கெடுக்க உதவி தேவை

வணக்கம். வேலூர் பக்கம் ஏரிக்கரை வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் இழந்தது என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். புறம்போக்கு என்பதால் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடு (நிலத்தை எடுக்கும் முன் மக்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று கணக்கெடுப்பது) இங்கே நடக்கவே இல்லை, முன்பு என்ன வருமானம் என்பதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது.

இடம் மாற்றப்படுகிறவர்களுக்கு வரும் என்று சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா சொன்ன எட்டு அபாயங்களை (நிலம், வேலை, வீடு இழப்பது போன்றவை) வைத்துத்தான் கேள்விகள் போட்டோம். வேலை என்கிற இடத்திலேயே சிக்கல். பீடி சுற்றும் பெண்களுக்கு முன்பு இலையும் தூளும் தெருவுக்கே வந்துவிடும், இப்போது அவர்களே போய் வாங்கி, சுற்றி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்குக் கூலி அதேதான், டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் பாதி நாள் போய்விடுகிறது. மாத வருமானம் மட்டும் கேட்டால் இது தெரியவே தெரியாது. அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா இப்போது வேறு பிளாக்கில். அந்த இழப்பைக் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பழைய நிலையை நினைவிலிருந்து கேட்டு வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? பொங்கல், பள்ளி திறப்பு என்று நாளைச் சொல்லிக் கேட்டால் சரியாக வருமா? அப்புறம், இடிபடாமல் மிஞ்சிய வீடுகளை ஒப்பிட எடுக்கலாமா? தமிழில் கேள்வித்தாள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்.