ஒரே வட்டில் விண்டோஸும் உபுண்டுவும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

என் மடிக்கணினியில் இருப்பது 512 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. வட்டு. அதில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே சி டிரைவைச் சுருக்கி, கிடைத்த காலியிடத்தில் பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். நிறுவும் வேலை ஒரு மணி நேரத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இரண்டும் பொதுவாகத் தொடும் இடங்களில்தான் பிறகு சிக்கல் எழுந்தது.

முதலில் கடிகாரம். உபுண்டுவில் வேலை செய்துவிட்டு விண்டோஸைத் திறந்தால் நேரம் பின்தங்கியிருந்தது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் பின்னடைவு ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஐந்தரை மணி நேரமாகவே இருந்ததைக் கவனித்தபோது காரணம் விளங்கியது: உபுண்டு வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி உபுண்டுவில் ஒரு கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது. இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் அந்த வழியில் இடையூறு ஏதும் வரவில்லை.

இரண்டாவதுதான் என்னை மிகவும் வருத்தியது. இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்வதற்காக விண்டோஸின் கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ். முறையில் ஒரு பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பகுதி) வைத்து, என் பாட்டி பாடிய தாலாட்டுகளின் ஒலிப்பதிவுகளை அதில் சேர்த்து வந்தேன். ஒரு நாள் உபுண்டு அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டுமே அனுமதித்தது. எச்சரிக்கையின் பொருளை விசாரிக்காமல், பிழைக்குறியை நீக்கும் கட்டளையை இட்டு, அன்று பதிந்த ஒன்பது கோப்புகளை எழுதினேன். அடுத்து விண்டோஸைத் திறந்தபோது ஒன்பதும் காணவில்லை. கணினியை விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் நிலையில், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கர்னலின் நிலையையும், அப்போது திறந்திருந்த பார்ட்டிஷன்களின் நிலையையும் வட்டில் சேமித்து வைத்து, மறுமுறை அந்தப் பழைய நினைவோடுதான் எழுகிறது. இடையில் வேறொரு இயங்குதளம் எழுதியது அதற்குத் தெரியாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் இப்படி நடப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருந்ததால் ஆறு பாடல்கள் மீண்டன. மற்ற மூன்றைப் பாட்டி மறுபடி பாடித் தந்தார், ஆனால் அவை முன்பு பாடியவை போல் அமையவில்லை. இருவகை இயங்குதளம் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை இன்றே நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 1

பாட்டியின் குரல் போனதைப் படித்து மனம் கனத்துவிட்டது, நண்பரே. என்னுடையது, வட்டின் முதல் செக்டரில் (மிகச் சிறு பகுதி) உள்ள நிரலால் கணினி தொடங்கும் பழைய எம்.பி.ஆர். காலத்து அனுபவம். விண்டோஸ் 7 இருந்த கணினியில், இனி லினக்ஸ் தேவையில்லை என்று கருதி அதன் பார்ட்டிஷனை அழித்தேன். மறுநாள் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற வரியைத் தவிரத் திரையில் ஒன்றுமில்லை. வட்டின் முதல் செக்டர் 512 பைட்டுகள்தான். பார்ட்டிஷன் அட்டவணை 64 பைட்டுகளையும் இறுதி அடையாளக் குறி 2 பைட்டுகளையும் எடுத்துக்கொள்ள, தொடக்க நிரலுக்கு 446 பைட்டுகளே மிஞ்சும். அவ்வளவு சிறிய இடத்தில் இயங்குதளத்தைத் தேர்ந்து தொடங்க வைக்கும் கிரப் நிரல் முழுவதும் அடங்காது என்பதால் மீதி லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். நான் அழித்தது அந்த மீதியை. விண்டோஸ் டி.வி.டி.யிலிருந்து முதல் செக்டரின் நிரலைத் திரும்ப எழுதிய பிறகே கணினி எழுந்தது. யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க மென்பொருள் உள்ள இன்றைய கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளத்தின் தொடக்க நிரலும் ஈ.எஸ்.பி. என்னும் சிறு ஃபேட்32 பார்ட்டிஷனில் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால், இதே தவறு நேர்ந்தாலும் பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்து உள்ளே போய்விடலாம்.

மறுமொழி 2

நம்பகமான தொடக்க நிரலை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட்டை நான் அணைத்தவுடன், வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்டது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பினேன். யூ.இ.எஃப்.ஐ. அமைப்பில் எதையும் மாற்றுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதோடு, சாவியை ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது தேவைப்படும் நேரத்தில் அந்தக் கணினியைத் திறக்க முடியாது.