அரசியல்வாதி ‘போர்’ என்றால் நாமும் போர் என்றே பேச வேண்டுமா?

தேன்மழை:
2020 மார்ச்சில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன், கொரோனா பற்றிய உரையில் "நாம் போரில் இருக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த மாதமே ஜெர்மனியின் அதிபர் ஸ்டைன்மையர், இது போர் இல்லை, நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்றார். நோய் ஒன்றுதான். ஆனால் போர் என்று சொல்லிவிட்டால் செத்தவர் தியாகி, கேள்வி கேட்பவர் துரோகி, செவிலியருக்கு ஏன் முகக்கவசம் வரவில்லை என்று கேட்பதே சங்கடமாகிவிடுகிறது. உருவகம் பேச்சுக்கு அழகு என்று படித்தோம். அரசியலில் அது முடிவையே எடுத்துவிடுகிறது.

கல்தூண்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். விலைவாசி ‘ஏறுகிறது’, ஆட்சி ‘கவிழ்கிறது’ என்கிறோம், இதில் எது நேர்ச்சொல்? 1963இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில், கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்தது பணமில்லாமல் திரும்பி வந்த காசோலை என்றார். சட்டப் பிரிவுகளை அடுக்கியிருந்தால் இத்தனை பேர் மனதில் அது நின்றிருக்குமா?

தேன்மழை:
கிங் ஆட்சியில் இருந்தவர் இல்லையே, கொடுத்த வாக்கைக் கேட்டு வந்தவர். நான் கேட்பது ஆள்பவர்களைப் பற்றி. நாட்டின் வரவுசெலவும் வீட்டுக் கணக்கு மாதிரிதான், வருமானத்துக்குள் வாழ வேண்டும் என்று பிரிட்டன் பிரதமராக இருந்த தாட்சர் சொல்லிக்கொண்டே இருந்தார், 2008இல் ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் (பிரதமர்) மெர்கலும் சிக்கனமான இல்லத்தரசியை உதாரணம் காட்டினார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் வீட்டில் நான் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது. பொருளாதார மந்தக் காலத்தில் அரசு செலவைக் குறைத்தால் யாரோ ஒருவரின் சம்பளம் நிற்கிறது, அவர் கடைக்குப் போவது குறைகிறது, கடைசியில் அரசுக்கு வரும் வரியும் குறைகிறது. அந்தச் சுற்று இந்த உருவகத்துக்குள் தெரியவே தெரியாது.

நிழற்குடை:
இடையில் ஒன்று. 2011இல் திபோடோ, பொரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே குற்றக் கணக்கைக் கொடுத்து, சிலரிடம் குற்றத்தை ‘மிருகம்’ என்றும் மற்றவர்களிடம் ‘வைரஸ்’ என்றும் சொன்னார்கள். மிருகம் என்று படித்தவர்கள் பிடித்து அடைக்கச் சொல்வது அதிகமாக இருந்தது, வைரஸ் என்று படித்தவர்கள் காரணத்தைச் சரிசெய்வதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள்.

கல்தூண்:
அதையே 2014இல் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது உருவகத்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்கள் அவ்வளவு எளிதில் மயங்குகிறவர்கள் இல்லை.

தேன்மழை:
ஒரு தடவை கேட்டு மயங்குவதைப் பற்றி நான் பேசவில்லை. 1954இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர், ஒரு நாடு கம்யூனிசத்திடம் விழுந்தால் வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகள் போல மற்றவையும் விழும் என்றார். வியட்நாம் போருக்கு வருடக்கணக்கில் அதையே காரணமாகச் சொன்னார்கள். 1975இல் தெற்கு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றும் விழுந்தன, சரி. தாய்லாந்தும் மலேசியாவும் விழவில்லையே? கட்டைக்குச் சொந்தமாக வரலாறு கிடையாது, நாட்டுக்கு உண்டு.

கல்தூண்:
டோமினோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாருங்கள், கட்டை வேறு நாடு வேறு என்று அந்த உருவகத்துக்கு உள்ளேயே நின்றுதான் அதை உடைத்தீர்கள். வீட்டுக் கணக்கையும் அப்படித்தான். இதைத்தான் எதிர்க்கட்சிகள் மேடையில் செய்ய வேண்டும் என்கிறேன், புள்ளிவிவரத்தை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிப்போகக் கூடாது.